கீழே ஆள் இருக்கு

அவளுக்கு டிராகன் என்று பெயர் வைத்தவர்கள் சலவைக்கூடத்து ஆட்கள்தான். அந்தப் பெரிய ஹோட்டலின் நிலத்தடித் தளத்தில் நீராவி இஸ்திரி இயந்திரம் அவள் பொறுப்பு. மூடியை இறக்கி அழுத்தினால் இரண்டு பக்கமும் புஸ்ஸென்று ஆவி கிளம்பும். நடுவில் மூக்குக்கு மேல் கோபத்தோடு அவள் நிற்பாள். போதாக்குறைக்கு ஒருநாள் டீ இடைவேளையில், தான் ஒரு மாயாஜால நாவல் எழுதுவதாகவும், அதில் பறக்கிற டிராகன் ஒன்று வருவதாகவும் வாயை விட்டுவிட்டாள். அத்தோடு அவள் சொந்தப் பெயர் காலாவதியாகிவிட்டது. உள்ளூர அவளுக்கும் அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் காட்டிக்கொள்வாளா?

நாவல் மட்டும் விளையாட்டில்லை. வருஷக்கணக்காக, வீடு விழிப்பதற்கு முன் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதியது. ஏழு மலை, ஒரு பொற்கோட்டை, ஒரு ராஜா, காணாமல் போன இளவரசன், மேலே வட்டமடிக்கும் டிராகன். பேருந்து ஓட்டுநரான அவள் கணவன்தான் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் முதல் ஆள். பல் துலக்கிக்கொண்டே கேட்பான், தலையாட்டுவான், வேலைக்குப் போய்விடுவான். எத்தனையோ பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. கடைசியில், மாயாஜாலக் கதைகளுக்கென்றே ஒரு புத்தக வரிசை தொடங்கிய பதிப்பகம் ஒன்று அவளை நேரில் வரச் சொன்னது.

அங்கே பதிப்பாசிரியராக இருந்த அம்மாளுக்கு எழுத்தாளர்கள் மத்தியில் 'குறுக்கு விசாரணை' என்று பெயர். அந்த அம்மாளிடம் ஒரு வழக்கம் உண்டு. கற்பனை உலகம் பற்றிய கதை என்றால், எழுதியவரை எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்பார். அதில் தேறினால்தான் முதல் அத்தியாயத்துக்கு மேல் புரட்டுவார்.

"அந்தக் கதைக்கட்டை மூடி வைங்க. வாயால சொல்லுங்க. கோட்டைன்னீங்க இல்ல, இப்ப நான் அது வாசல்ல நிக்கறேன். என்ன வாசனை வருது?"

"பூ வாசனை மேடம்."

"என்ன பூ?"

"மாயப் பூ."

"சரி, இருக்கட்டும். உள்ள எத்தனை பேர் இருக்காங்க?"

"ஒரு ஆயிரம் பேர்."

"ஆயிரம் பேர் சாப்பிட்டு மிச்சம் வைக்கறதை எங்க கொண்டுபோய்க் கொட்டறாங்க? ராஜாவுக்குக் காய்ச்சல்னா யார் முழிச்சிருக்கறா? அவ்வளவு பேரோட துணியை யார் துவைக்கறா?"

கடைசிக் கேள்வி கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நாளெல்லாம் ஊரார் துணியோடு மல்லுக்கட்டுகிறவள் தன் ராஜாவின் துணியை மறந்தே போயிருந்தாள். வெந்நீரிலும் ஆவியிலும் சிவந்து காய்த்துப்போன கைகளை அவள் மேசைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். என்ன வேலை என்று கேட்டபோது, 'ஹோட்டல் நிர்வாகத்துல' என்று வேறு அளந்துவிட்டிருந்தாள்.

"உங்களுக்கு எழுத்து நல்லா வருதும்மா," என்றார் அந்த அம்மாள், குரலில் நிஜமான வருத்தத்தோடு. "ஆனா உங்க உலகத்துல ஆள் இல்ல. எல்லாரும் போட்டோவுக்கு நிக்கற மாதிரி நிக்கறாங்க. வரிசையில இன்னும் ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் இடம் இருக்கு. மாசக் கடைசியில மறுபடி வாங்க. அப்பவும் இப்படியேன்னா, வேற ஒருத்தருக்குக் குடுத்துடுவேன். தப்பா எடுத்துக்காதீங்க."

வீட்டுக்கு வந்ததும் கணவன் ஆவலாக எழுந்தான். "என்ன சொன்னாங்க? இளவரசன் அப்புறம் என்ன ஆனான்னு கேட்டாங்களா?"

"கேக்கலை."

"டிராகன் அப்புறம் என்ன ஆச்சுன்னு?"

"அதையும் கேக்கலை. துணியை யார் துவைக்கறான்னு கேட்டாங்க."

அவன் அவளைப் பார்த்தான். உதட்டைக் கடித்துப் பார்த்தான். முடியவில்லை, சிரித்துவிட்டான். "உன்கிட்டயா? துணியைப் பத்தி உன்கிட்டயா கேட்டாங்க?"

"சிரிக்காதீங்க! துணிகிட்டேர்ந்து தப்பிக்கத்தான் நான் கதையே எழுதறேன். அங்க போயும் துவைக்கணுமா?" கைப்பையை விசிறியடித்தாள். "இந்தத் தடவையும் இல்லைன்னா பேனாவை மூடி வச்சிடுவேன். இனிமே ஒரு வரி எழுத மாட்டேன். சத்தியம்."

அவள் கோபத்தில் ஆயிரம் சொல்வாள், ஆனால் சத்தியம் செய்கிற வழக்கம் இல்லை. கணவனின் சிரிப்பு பட்டென்று நின்றது.

மறுநாளே டிராகன் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். புது உலகத்தைத் தேடிப் புறப்பட்டாள். நூலகத்திலிருந்து கோட்டைப் படங்கள் போட்ட கனமான புத்தகங்களைச் சுமந்து வந்தாள். சமையலறைச் சுவரில் அருவிப் படம் ஒட்டினாள். புல்லாங்குழல் இசையைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தாள். நன்றாகத் தூக்கம் வந்தது. பூங்காவில் ஒரு பழைய மரத்தடியில் பேனாவும் கையுமாக அரை நாள் தவம் கிடந்தாள். எறும்புதான் கடித்தது. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு, 'கோட்டைக்குப் பின்னால் ஓடும் ஆற்றில் பணியாட்கள் துணி துவைத்தார்கள்' என்று ஒரு வரி சேர்த்தாள். படித்துப் பார்த்தால் அந்தப் பணியாட்களும் போட்டோவுக்குத்தான் நின்றார்கள்.

அப்போதுதான் சலவைக்கூடத்திலிருந்து பெரியக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். சலவைக்கூடத்தின் தலைவி அவள். வயதில் மட்டுமல்ல, உடம்பிலும் குரலிலும் பெரியவள்.

"ஏய் டிராகன், விடுப்பு போதும், வா. மேல ஏதோ மாநாடாம், ஹோட்டல் நிரம்பி வழியுது. இங்க துணி கூரையைத் தொடுது."

டிராகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள்.

அந்தச் சலவைக்கூடத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஹோட்டலின் எல்லா மாடிகளையும் துளைத்துக்கொண்டு அகலமான தகரக் குழாய் ஒன்று செங்குத்தாக இறங்கும். மாடிகளில் அறை சுத்தம் செய்கிறவர்கள் அழுக்குத் துணியை மூட்டை கட்டி அதற்குள் போடுவார்கள். அது தடதடவென்று வந்து சலவைக்கூடத்தில் விழும். அந்தக் குழாய்க்குச் சலவைக்கூடத்தில் வைத்த பெயர் 'தொண்டை'. மூட்டை ஏதாவது சிக்கி, தொண்டைக்குள் கை விட வேண்டி வந்தால் அதற்கு ஒரு சட்டம் உண்டு. கம்பியால் குழாயை ஓங்கித் தட்டி, 'கீழே ஆள் இருக்கு!' என்று வயிற்றிலிருந்து கத்த வேண்டும். ஒவ்வொரு மாடியிலிருந்தும் பதிலுக்குத் தட்டுவார்கள். எல்லா மாடியும் தட்டிய பிறகுதான் கை உள்ளே போகும். இல்லாவிட்டால் மேலிருந்து வருகிற மூட்டை கையோடு ஆளையும் சேர்த்துப் பதம் பார்த்துவிடும்.

கீழே வேலை செய்கிறவர்களில் பலர் அந்த மாடிகளைக் கண்ணால் கண்டதில்லை. விருந்தினர் பக்கம் போக அவர்களுக்கு அனுமதி கிடையாது. அதனால் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். விழுகிற துணியை வைத்தே மேலே நடப்பதையெல்லாம் ஊகித்து, அதற்குக் கை கால் மூக்கு வைத்து, அதை நம்பவும் செய்வார்கள். விரிப்புகளை மடிக்கிறவர் மடிப்பு மாமா. டிராகன் உள்ளே நுழைந்தபோது அவருக்கும் பெரியக்காவுக்கும் வழக்கம்போல் சண்டை நடந்துகொண்டிருந்தது. நடுவில் சிவப்புக் கறையோடு ஒரு மேசை விரிப்பு.

"ரத்தம்," என்றார் மாமா. "மேல யாரோ யாரையோ குத்திட்டாங்க."

"ஒயினு! மேல விருந்து நடக்குது. உங்களுக்கு எப்பப் பாத்தாலும் கொலை, குத்து!"

"ரத்தம்னா பச்சைத் தண்ணியில போடணும். நீ பாட்டுக்கு ஒயினு மருந்தை ஊத்தினா கறை ஆயுசுக்கும் போகாது, சொல்லிட்டேன்."

"பிரச்சினை வேண்டாம், தீர்ப்பை டிராகன் சொல்லட்டும்," என்று ஒரு குரல் வந்தது. டிராகன் முகர்ந்து பார்த்துவிட்டு, "ஒயின்," என்றாள், எரிச்சலோடு. கதைக்கு வழியில்லை, கறைக்குத் தீர்ப்பு சொல்ல வந்துவிட்டோம் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே இயந்திரத்துக்குப் போனாள்.

மத்தியானம் தொண்டை அடைத்துக்கொண்டது.

பழைய ஆட்களை மாநாட்டு வேலைக்கு அனுப்பிவிட்டு, மாடிகளில் முழுக்கத் தற்காலிக ஆட்களைப் போட்டிருந்தார்கள். இறகு அடைத்த மெத்தைப் போர்வையை லிஃப்டில்தான் கீழே கொண்டுவர வேண்டும், குழாயில் போடவே கூடாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. யாரோ ஒரு புண்ணியவாட்டி அதை உருட்டித் திணித்துவிட்டாள். அது பாதி வழியில் உட்கார்ந்துவிட்டது. அதன் தலைமேல் மற்ற மாடிக்காரர்கள் போட்ட மூட்டையெல்லாம் ஏறி உட்கார்ந்தது. காலையிலிருந்து கத்திக் கத்திப் பெரியக்காவுக்குக் குரல் கட்டிவிட்டிருந்தது. கம்பியை டிராகன் கையில் கொடுத்தாள்.

டிராகன் குழாயை ஓங்கித் தட்டினாள். "கீழே ஆள் இருக்கு!"

பதில் இல்லை.

மறுபடி தட்டினாள். மறுபடி கத்தினாள். எப்போதும் டக் டக்கென்று வரிசையாக இறங்கி வரும் சத்தம் எதுவும் வரவில்லை. புது ஆட்களுக்குச் சுவருக்குள்ளிருந்து ஏதோ கத்துகிறது என்றுதான் பட்டிருக்கும், பயந்து ஓடியிருப்பார்கள். அது டிராகனுக்கும் தெரியும். தெரிந்தும், அந்தக் கறுப்புத் துளையைப் பார்த்தபோது ஒரு நொடி அவளுக்குச் சந்தேகம் வந்தது. மேலே யாருமே இல்லையோ? எப்போதுமே யாரும் இருந்ததில்லையோ? இத்தனை காலமும் இதெல்லாம் தானாகத்தான் விழுந்துகொண்டிருந்ததோ?

"கிட்ட போகாதே!" என்று பெரியக்கா அவள் சேலையின் பின்கொசுவத்தைப் பிடித்து இழுத்தாள். அதே கணம் குழாய் உறுமியது. மொத்தமும் ஒரே மூச்சில் இறங்கியது. கடைசி வளைவில் போர்வை கிழிந்து, மூட்டைகளுக்கு முன்னால் இறகு வந்தது. வெள்ளை வெளேரென்று, மின்விசிறிகளின் வேகத்தில் சுழன்று, ஆவியில் மிதந்து, கூடம் முழுக்க இறகு. துவைக்கும் இயந்திரங்கள் மேல், மடித்த விரிப்புகள் மேல், மாமாவின் வழுக்கைத் தலை மேல் மெல்ல மெல்ல இறங்கியது.

மாமாதான் முதலில் வாயைத் திறந்தார். "மேல எதையோ உரிச்சிட்டாங்க," என்றார் பயபக்தியோடு. "பெரிய பறவை."

அப்புறம் தொண்டைக்குள்ளிருந்து, ரொம்ப தூரத்திலிருந்து, நடுங்கும் பெண் குரல் ஒன்று இறங்கி வந்தது. "அங்க... யாராவது இருக்கீங்களா?"

"இவ்வளவு நேரம் கத்தினது என்ன, பேயா?" என்று பெரியக்கா கட்டிய குரலில் சீற, கூடமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. டிராகன் மட்டும் சிரிக்கவில்லை. அவள் கையிலும் தலையிலும் இறகோடு அப்படியே நின்றாள். வானத்தில் ஒரு துளை. அதிலிருந்து விழுவதை வைத்தே வாழ்கிற ஓர் ஊர். கறையைப் பார்த்து மேலே போரா விருந்தா என்று சண்டை போடுகிற ஜனங்கள். ஒரு நாள் பெய்த இறகு மழை. இதை எங்கெல்லாம் போய்த் தேடினாள்! எறும்புக் கடி வேறு.

"அக்கா," என்றாள், "எனக்கு ஒரு பேப்பர் குடு."

"பேப்பர் எதுக்குடி, துடைப்பத்தை எடு."

அவள் துடைப்பத்தைத்தான் எடுத்தாள். பெருக்கிக்கொண்டே ஊரைக் கட்டினாள்.

அதன் பிறகு வந்த நாட்களில் விடியற்காலையில் சமையலறை மேசையில் பேனா நிற்கவேயில்லை. ஏழு மலையையும் பொற்கோட்டையையும் ஒரே நாளில் தூக்கிக் கடாசினாள். வேலையில் எல்லோரையும் கேள்வி கேட்டே கண்ணில் விரலை விட்டு ஆட்டினாள். மேலே போகவே முடியாதென்றால் ஒரு குழந்தை முதலில் என்ன கேட்கும்? கறையைத் தப்பாகப் படித்தவனை ஊர் என்ன செய்யும்? முதலில் 'இவளுக்கு முற்றிப்போச்சு' என்று தலையிலடித்துக்கொண்டவர்கள் பிறகு தாங்களாகவே வந்து சொல்ல ஆரம்பித்தார்கள். மடிப்பு மாமாவுக்கு ஒரே நிபந்தனைதான்.

"அதுல விரிப்பு மடிக்கற ஆள் ஒருத்தர் இருக்கணும். அவர் சாகக் கூடாது."

"சாக மாட்டார் மாமா. ஆனா கொஞ்சம் அடிபடுவார்."

"அடி பரவாயில்ல. பெரிய ஆளா காட்டிடு."

மாசக் கடைசியும் வந்தது. பதிப்பகத்து நாற்காலியில் உட்கார்ந்ததும் டிராகன் கைகளை மறுபடி மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்டாள். குறுக்கு விசாரணை அம்மாள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கதைக்கட்டை மூடச் சொன்னார்.

"நான் வாசல்ல நிக்கறேன். என்ன வாசனை?"

"வாசல் கிடையாது மேடம். நீங்க மேலேர்ந்து விழுந்திருக்கீங்க. ஈரமும் சோப்பும் கலந்த வாசனை வரும். புதுசா விழுந்த மூட்டைகிட்ட போனா மேல இருக்கறவங்க வாசனை. அதை மோந்து பாக்க ஜனங்க வரிசையில நிப்பாங்க."

அம்மாளின் பேனா நின்றது. "குப்பையை எங்க கொட்டறாங்க?"

"குப்பையே கிடையாது. அந்த ஊரே மேல இருக்கறவங்களோட குப்பைதானே? பொத்தான்தான் அவங்களுக்கு நகை. கிழிஞ்ச திரைச்சீலைதான் வீட்டுச் சுவர்."

"துணியை யார் துவைக்கறா?"

டிராகன் சிரித்தேவிட்டாள். "எல்லாரும்! துவைச்சு, வெளுத்து, மடிச்சு, கயித்துல கட்டி மேல ஏத்துவாங்க. எதுக்குன்னு யாருக்கும் தெரியாது. ஏத்தலைன்னா வானம் மூடிக்கும்னு பயம்."

கேள்விகள் சரமாரியாக வந்தன. டிராகன் ஒன்றையும் கீழே விழ விடவில்லை. கல்யாணத்தில் என்ன கொடுப்பார்கள்? ஜோடித் தலையணை உறை, இரண்டும் ஒரே நாளில் விழுந்திருக்க வேண்டும். யாருக்கு மரியாதை? கறை வாசிக்கிறவர்களுக்கு. ஒருமுறை ஒயினை ரத்தம் என்று வாசித்து, ஊரே போருக்குத் தயாராகி, வராத எதிரிக்காகக் காத்துக் கிடந்து, கடைசியில் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டார்கள். பனி பெய்யுமா? ஒரே ஒருமுறை பெய்தது, இறகாக. கேட்காததையும் அவள் சொன்னாள். சொல்லச் சொல்ல நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டிருந்தாள்.

"போன தடவை ஒரு டிராகன் இருந்துச்சே?"

"இப்பவும் இருக்கு மேடம். பொம்பளை. ரெண்டு பக்கமும் ஆவி விடுவா. கோபம் கொஞ்சம் ஜாஸ்தி."

அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இதெல்லாம் உங்களுக்கு எங்கேர்ந்து வந்தது?"

இதற்குக் கௌரவமான ஒரு பதிலை டிராகன் வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்தாள். கனவு, மலை, தனிமை என்று என்னவோ. அதை அப்படியே விட்டுவிட்டு, மேசைக்கு அடியிலிருந்த இரண்டு கைகளையும் எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"நான் நிர்வாகத்துல இல்ல மேடம். ஹோட்டலோட சலவைக்கூடத்துல இஸ்திரி போடறேன். இது என் ஊர்."

சொல்லி முடித்தபோது அவளுக்கு வெட்கமாக இல்லை. சந்தோஷமாக இருந்தது. அந்தக் கைகளை ஊரெல்லாம் காட்ட வேண்டும்போல் இருந்தது. அம்மாள் அவற்றைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு கடகடவென்று சிரித்தார். "ஓ! அதான் அன்னைக்குத் துணியைப் பத்திக் கேட்டதும் என்னைக் கொலை பண்ற மாதிரி பாத்தீங்களா?"

"ஆமா மேடம். அன்னைக்கு உங்களை நல்லாத் திட்டினேன்."

"திட்டியிருப்பீங்க, திட்டியிருப்பீங்க." சிரிப்பு அடங்க அம்மாளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "சரி, கடைசியா ஒண்ணு. அவங்க சாமி கும்பிடுவாங்களா?"

"கும்பிடத் தெரியாது. கத்துவாங்க. தினமும் ஊர் மொத்தமும் அந்தத் துளைக்குக் கீழ நின்னு, இரும்பைத் தட்டி, ஒரே ஒரு வரி கத்தும்." டிராகன் தன்னை மறந்து மேசையை ஓங்கித் தட்டினாள். வெளியே உட்கார்ந்திருந்த தட்டச்சர் திடுக்கிட்டு எட்டிப் பார்த்தார். "'கீழே ஆள் இருக்கு!'"

அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார்.

"மேலேர்ந்து பதில் வருமா?" அம்மாளின் குரல் தணிந்திருந்தது.

"தலைமுறை தலைமுறையா வந்ததில்ல. எல்லாருக்கும் பழகிப் போச்சு. கத்திட்டு வேலைக்குப் போயிடுவாங்க. அந்த இறகு பெஞ்ச அன்னைக்குத்தான், எல்லாரும் போன அப்புறம், ஒரே ஒரு பொண்ணு மட்டும் அங்கயே நின்னா. அப்போ மேலேர்ந்து ஒரு குரல் கேட்டுச்சு. 'அங்க யாராவது இருக்கீங்களா'ன்னு. அதுவும் பயந்துபோன குரல்."

அம்மாள் கதைக்கட்டைத் தன் பக்கம் இழுத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். அந்தக் கடைசி இடம் யாருக்கு என்பது அந்தக் கையிலேயே தெரிந்தது. "புத்தகம் போடறோம்," என்றார் அவசரமாக, இடையில் வந்த வேலையை ஒதுக்கித் தள்ளுகிற மாதிரி. "ஒப்பந்தமெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்." பிறகு இரண்டு முழங்கைகளையும் மேசையில் ஊன்றி, சின்னப் பிள்ளை மாதிரி முன்னால் குனிந்தார்.

"அப்புறம்? அப்புறம் என்ன ஆச்சு?"

இந்த ஒரு கேள்வி வந்ததென்று சொன்னால் வீட்டில் பல் துலக்கிக்கொண்டிருக்கிற மனுஷன் பிரஷ்ஷோடு குதிப்பான். சலவைக்கூடத்தில் மாமா விரிப்பைப் போட்டுவிட்டு ஓடி வருவார். அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, சிவந்த கைகளை மடியில் கோத்துக்கொண்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.

"முதல்ல ஒரு டீ சொல்லுங்க மேடம்," என்றாள். "கொஞ்சம் நேரம் ஆகும்."